கடல் எழுதும் வம்சாவளி – 9: நீரோட்டக் கணக்கில் ஒரு தூரம்

கடலடியில் நகராமலும் மெல்ல ஊர்ந்தும் வாழும் உயிர்கள்கூட, பிறந்ததும் சில வாரங்களை லார்வாவாக மிதந்துதான் கழிக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த மிதவைப் பயணம் அவற்றின் மரபணுவில் என்ன எழுதிவிட்டுப் போகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு கூட்டங்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்து இல்லாவிட்டால், ஒவ்வொன்றிலும் தற்செயலான மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் இருப்பவை ஒத்திருக்கும், தொலைவில் இருப்பவை வேறுபடும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. நிலத்தில் இது பல இடங்களில் சரியாகவே இருக்கிறது. கடலிலோ பலமுறை பொய்த்திருக்கிறது. பக்கத்துப் பாறையில் இருக்கும் கூட்டம் அந்நியமாகவும், நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது நெருங்கிய உறவாகவும் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம், கலிபோர்னியாவின் தென்கரையில் வாழும் கெல்லட் சங்கு. கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடுகளின் அடியில், பாறைகளில் ஊர்ந்து திரியும் இது செத்த மீன்களைத் தின்னும். ஓடு 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். இனப்பெருக்கக் காலத்தில் சங்குகள் கூட்டமாகக் கூடி, பூசணி விதை வடிவிலான முட்டைக்கூடுகளைப் பாறையில் வரிசையாக ஒட்டிவைக்கும். ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கான கருக்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூடு திறந்து லார்வாக்கள் வெளியே வரும். மயிரிழைகள் துடிக்கும் இரண்டு சின்ன மடல்கள்தான் அவற்றின் துடுப்பு. அதைக் கொண்டு மேலும் கீழும் கொஞ்சம் நகரலாம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. வாரக்கணக்கில் தண்ணீர் போகும் திசைதான் அவற்றின் திசை.

அந்தத் தண்ணீரின் போக்கு அங்கே எளிதானதல்ல. வடக்கிலிருந்து குளிர்ந்த கலிபோர்னியா நீரோட்டம் கரையை ஒட்டி இறங்கி வருகிறது. பாயின்ட் கன்செப்ஷன் முனையில் கரை சட்டென்று கிழக்கே திரும்ப, நீரோட்டமோ கரையை விட்டு விலகித் தெற்கே போய்விடுகிறது. முனைக்குத் தெற்கே, கரையோரமாக வெதுவெதுப்பான நீர் எதிர்த்திசையில் வடமேற்காக ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், கரைக்கும் எதிரிலுள்ள தீவுகளுக்கும் நடுவே சான்டா பார்பரா கால்வாய். அதில் பெரும்பாலும் கரைப்பக்கம் நீர் மேற்கே போகும், எதிரே தீவுப்பக்கம் கிழக்கே போகும். இரு கரைகளும் கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆனால் ஒரு கரையில் பிறந்த லார்வா எதிர்க்கரைக்கு நேராகப் போய்விட முடியாது. சுழலோடு சுற்றித்தான் போகவேண்டும்.

2010இல் குரோ ஒயிட் தலைமையிலான ஆய்வுக்குழு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. கணினியில் அந்தக் கடலின் நீரோட்டங்களை உருவாக்கி, லார்வாக்களுக்குப் பதிலாகக் கற்பனைத் துகள்களை மிதக்கவிட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அவை எவ்வளவு அடிக்கடி போய்ச்சேர்கின்றன என்று பார்த்தார்கள். பிறகு அந்தந்த இடத்துச் சங்குகளின் மரபணு வேறுபாட்டை அதனோடு ஒப்பிட்டார்கள். வரைபடத்தில் அளந்த தூரம் அந்த வேறுபாட்டை விளக்கவே இல்லை. நீரோட்டம் வழியாக லார்வாக்கள் எவ்வளவு அடிக்கடி போய்ச்சேர்கின்றன என்ற கணக்கோ அதில் கிட்டத்தட்ட 50 சதவீதத்தை விளக்கியது.

கிலோமீட்டரில் அளந்தால் போகவும் வரவும் ஒரே தூரம். நீரோட்டத்தால் அளந்தால் அப்படியில்லை. நீரோட்டத்தோடு ஒரு வாரத்தில் போன இடத்திலிருந்து திரும்பிவரும் வழியே இல்லாமல் போகலாம். அப்போது ஒரு கூட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும், இன்னொன்று வாங்கிக்கொண்டே இருக்கும்.

கரீபியன் கடலிலும் இதே கதைதான். எல்க்ஹார்ன் பவளத்தின் மரபணுவை ஆராய்ந்த இலியானா பாம்ஸ் குழு, அது கிழக்கு, மேற்கு என இரண்டு பெருங்கூட்டங்களாகப் பிரிந்திருப்பதாக 2005இல் கண்டது. டொமினிக்கன் குடியரசுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் நடுவிலுள்ள மோனா நீரிணைப் பகுதிதான் பிரிவுக்கோடு. குறுக்கே நிலம் எதுவும் மறிக்கவில்லை. அங்குள்ள நீர்ச்சுழல்கள் லார்வாக்களைக் கடக்கவிடாமல் வடிகட்டியிருக்கக்கூடும் என்று அடுத்து வந்த நீரோட்ட ஆய்வு காட்டியது.

இதில் நமக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, 2012க்குள் தன் கரை முழுக்க 124 பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளை அமைத்தது. அவை 50 முதல் 100 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் லார்வாக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச்சேரும் என்பது அறிவியலாளர்களின் வழிகாட்டுதல். இது நல்ல தொடக்கம். ஆனால் நீரோட்டத்தின் மேல்முனையில் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பாறைத்திட்டு பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிட்டால், கீழ்முனையில் எத்தனை காவல் போட்டும் வரத்து குறையும். எங்கே வேலி போடுவது என்று முடிவுசெய்யும் மேசையில், வரைபடத்துக்குப் பக்கத்தில் நீரோட்டக் கணக்கும் விரிக்கப்பட வேண்டும்.

(அடுத்த வாரம்: இந்தோனேசியாவில் வலுவான நீரோட்டம் ஓடியும் கலக்காத உயிர்கள் உண்டு. கடல் மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்த பனியுகத்தில் அதற்கான விடையைத் தேடுவோம்.)