நர்சிங் பேட் ஒண்ணுக்கு ஒன்பது நிமிஷம்

போன செமஸ்டர்ல ஒர்க் ஸ்டடி படிக்கும்போது, இந்த ஸ்டாப்வாட்ச் சமாச்சாரம் எல்லாம் ஃபேக்டரிக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். லீவுக்கு ஈரோடு போனதும் அது எங்க வீட்டு ஹால்லயே தேவைப்பட்டுச்சு.

அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவ. கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில க்யூசி. பாப்பா பிறந்த மூணாவது மாசம், தனக்குன்னு தைச்ச நர்சிங் பேடைப் பார்த்து பக்கத்து வீட்டு அக்கா ஒரு செட் கேட்டாங்க. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அப்புறம் பிப், பர்ப் கிளாத், ஃபீடிங் கவர்னு வரிசையா ஆர்டர். வீடு முழுக்க துணி. ஆனா கையில காசு மட்டும் நிக்கவே இல்லை. "திரும்ப கம்பெனிக்கே போயிடலாமா?"னு ஒரு நாள் ராத்திரி கேட்டா. அந்தக் கேள்விக்காகத்தான் போன்ல ஸ்டாப்வாட்ச் எடுத்தேன்.

நர்சிங் பேட்னா என்னன்னு தெரியாத பசங்களுக்கு: பால் கொடுக்கும் அம்மாக்களுக்குப் பால் தானாகக் கசியும், அது உடையை நனைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் வட்டமான துணிப் பட்டை. உடம்பில் படும் பக்கம் மெல்லிய காட்டன், நடுவில் உறிஞ்ச இரண்டு அடுக்கு டெர்ரி, வெளிப்பக்கம் பி.யு.எல். என்ற துணி. இதில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருப்பதால் ஈரம் வெளியே வராது. இதைத் தைக்கும்போது குண்டூசி குத்தக் கூடாது. குத்தின ஓட்டை வழியாகவே கசியும். துணி கிளிப்தான் போடணும்.

காட்டனையும் டெர்ரியையும் வெட்டுவதற்கு முன்னாடியே துவைச்சுக் காய வைக்கணும். இல்லைன்னா முதல் துவைப்பில் காட்டன் சுருங்கும், பி.யு.எல். சுருங்காது, பேட் கிண்ணம் மாதிரி வளைஞ்சு நிற்கும். புது டெர்ரி முதலில் சரியாக உறிஞ்சவும் செய்யாது. துவைக்கத் துவைக்கத்தான் நல்லா குடிக்கும். வாங்குறவங்களுக்கு "ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க"ன்னும் சொல்லிடணும், அது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

இப்போ கணக்கு. மூணு ஜோடி, அதாவது ஆறு பேட், ஒரு செட். அக்கா விற்ற விலை 150 ரூபாய். துணி கனி மார்க்கெட்ல செவ்வாய்க்கிழமை சந்தையில வாங்கினது. நூல், கவர், உடைஞ்ச ஊசி, கரண்ட், வீணாப்போன பீஸ் எல்லாம் சேர்த்தால் செட்டுக்கு 85 ரூபாய். மீதி 65. "பரவாயில்லையே"ன்னு தோணும். ஸ்டாப்வாட்ச் வேற கதை சொல்லுச்சு. வெட்ட 14 நிமிஷம். தைக்க பேடுக்கு 9, ஆறுக்கு 54. போட்டோ, பேக்கிங் 12. "கலர் வேற இருக்கா, இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" மெசேஜுக்கெல்லாம் பதில் போட 20. மொத்தம் 100 நிமிஷம். மணிக்கு 39 ரூபாய்.

இதில் பாப்பா அழுத நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. புத்தகத்தில் ஓய்வுக்கும் சொந்தத் தேவைக்கும் கொஞ்சம் சதவீதம் அலவன்ஸ் கொடுக்கச் சொல்லியிருக்கும். ஆறு மாசக் குழந்தைக்கு எத்தனை சதவீதம்னு எந்த டேபிள்லயும் இல்லை!

அம்மாகிட்ட இந்த 39 ரூபாயைக் காட்டினேன். "சும்மா இருக்கிற நேரத்துல தைக்கிறா, அதுக்கு எதுக்குடா கூலி?"ன்னாங்க. அக்கா ஒண்ணும் சொல்லலை, மெஷினை மூடிட்டுப் போயிட்டா. விலை போடும்போது அவளும் அப்படித்தான் நினைச்சிருந்தான்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. துணிக்குக் கணக்கு இருந்துச்சு, நேரத்துக்கு நோட்டுல ஒரு காலமே இல்லை.

அடுத்த வாரம் முறையை மாத்தினோம். ஒரு செட்டை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகாமல், ஆறு செட்டையும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்வது. எல்லாத்தையும் அடுக்கி வெட்டு. எல்லாத்துக்கும் சுற்றுத் தையல், நூலை அறுக்காமல் ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணாக மெஷினில் ஓட விடு. எல்லாத்தையும் ஒண்ணாகத் திருப்பு. ஒன்பது நிமிஷம் ஆறாச்சு. மாடல் போட்டோ ஒண்ணு, விலைப்பட்டியல் ஒண்ணு போட்டதில் மெசேஜும் குறைஞ்சுது. செட்டுக்கு 55 நிமிஷம்.

வட்டத்தை வெட்டுறதுலயும் கை வெச்சேன். 12 செ.மீ. வட்டங்களை நேர் வரிசையில் அடுக்கினால் தியரிப்படி துணியில் 78.5 சதவீதம் பயன்படும். தேனடை மாதிரி இடம் மாற்றி அடுக்கினால் 90.7. பெருமையா சொன்னேன். 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு நேர் வரிசையில் 72 வட்டம், தேனடையில் 77. ஓரங்கள் தியரியைத் தின்னுடுச்சு. "அஞ்சு வட்டத்துக்கா இவ்வளவு கணக்கு?"ன்னு அக்கா சிரிச்சா. ஆனா இப்பவும் தேனடை முறைதான்.

விலையை 190 ஆக்கினோம். பழைய கஸ்டமர்ல நாலு பேர் போயிட்டாங்க. மீதி 105 ரூபாய், 55 நிமிஷம். மணிக்குக் கிட்டத்தட்ட 115.

நேரத்தைக் குறைக்கவே கூடாத இடமும் இருக்கு. கம்பெனியில் ஊசி உடைஞ்சால் எல்லாத் துண்டும் கிடைக்கிற வரை அந்த பீஸ் நகராது; துண்டுகளை ரெஜிஸ்டரில் ஒட்டி வைப்பாங்க. அக்கா வீட்டிலும் அதே வழக்கம், மெட்டல் டிடெக்டருக்குப் பதில் ஒரு காந்தம். பிப்பில் அலங்கார பட்டன், மணி கிடையாது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுசா அடங்கும் எதுவும் மூணு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்துள்ள பொருள்தான். ஃபீடிங் கவரின் கழுத்துப் பகுதியில் வளையும் பட்டி வைத்துத் தைப்பது அழகுக்காக இல்லை. துணி விரிஞ்சு நின்னால்தான் குழந்தை முகம் அம்மாவுக்குத் தெரியும், காற்றும் போகும்.

கடுகுத் தலையணை கேட்டு நிறைய பேர் வர்றாங்க. நல்ல லாபம் உள்ள ஐட்டம். ஒரு வயசு வரைக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தலையணையே வேண்டாம்னு குழந்தை மருத்துவர்கள் சொல்றதால அக்கா தைக்க மாட்டேங்கறா. எனக்கு அதுல முழு சம்மதம். துணி பொம்மை, கிலுகிலுப்பை பக்கமும் போகலை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம், கைவினைஞராகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு.

ஆன்லைன் தளங்களில் விற்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் முழு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கி, சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். உத்யம் பதிவும் இலவசம்தான், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க.

கம்பெனிக்குத் திரும்பப் போறதைப் பத்தி அக்கா இன்னும் முடிவு பண்ணலை. ஆனா நோட்டுல இப்போ "நிமிஷம்"னு ஒரு காலம் இருக்கு, அவ கையால போட்ட கோடு. அடுத்த லீவுல பர்ப் கிளாத்துக்கு டைம் எடுக்கணும்னு சொல்லியிருக்கா. பாப்பா தூங்கினா.