மூணாவது ஓட்டை!

மார்கழி மாசம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வாடகை வீடு. காலை ஆறு மணிக்கு பாத்ரூம் கீசர் ‘டப்’ என்று உயிரை விட்டது.

ஹவுஸ் ஓனரிடம் ஓடினேன். “எங்கப்பாரு எண்பது வயசு வரைக்கும் ஏரியிலதான் குளிச்சாரு தம்பி!” என்றார். ‘அவர் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கலையே’ என்று சொல்ல வந்தேன். அட்வான்ஸ் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் கீசரைக் கழற்றினார். காயில் மேல் வெள்ளை வெளேரென்று உப்பு. “போர் தண்ணி சார். வருஷம் ஒருவாட்டி சுத்தம் பண்ணணும்.”

சரி, புதுசு எது வாங்குவது?

கேஸ் கீசர்? ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது, ஆள் காலி! 3 கிலோவாட் இன்ஸ்டன்ட்? 13 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒயர் தாங்காது. 2 கிலோவாட், 15 லிட்டர் டேங்க்? 9 ஆம்பியர்தான். தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற கால் மணி நேரம், அரை யூனிட் கரண்ட். ‘டிக்’ அடித்தேன்.

அண்ணன் பிளக் பாயின்ட்டில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். முகம் மாறியது. “எர்த்தே இல்ல சார். மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு!”

இத்தனை நாள் நான் குளித்தது வெந்நீரில் இல்லை, அதிர்ஷ்டத்தில்!

இதைக் கேட்டதும் ஓனரே ஆடிப்போனார். எர்த், ஒயரிங், கரண்ட் கசிந்தால் சட்டென்று நிறுத்தும் ஆர்.சி.சி.பி. எல்லாம் அவர் கணக்கு. கீசர் என் கணக்கு. காலி பண்ணும்போது கழற்றிக்கொள்வேன் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து. படித்த பி.காம். வீண் போகவில்லை!

பிரதர், கீசர் கம்பெனி பேரை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மூணாவது ஓட்டையைப் பாருங்கள்!