மணிவாசகரின் தவிப்புக்கு எந்தப் பாட்டு?

பக்திச் சொற்பொழிவு மேடைகளில் அடிக்கடி நடப்பதுதான். பேச்சாளர் திருவாசகத்தையோ தேவாரத்தையோ விளக்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிடுவார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பெரும்பாலும் அந்தப் பொருத்தம் ஒரு சொல்லில் பிறந்து அதிலேயே முடிந்துபோகும். பாசுரத்தில் கண்ணீர் வந்தால் பாட்டிலும் கண்ணீர், இங்கே சிவன் பெயர் வந்தால் அங்கேயும் அதே பெயர். 1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்தில் கண்ணதாசன் எழுதிய 'வீடு வரை உறவு' பாடலைப் பட்டினத்தாரோடு சேர்த்துப் பேசாத மேடை குறைவு. அங்கே கவிஞர் சித்தரின் கருத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார். அது கடன், பொருத்தம் வேறு. ஒரு பக்திக் கவிஞரின் மனப்போராட்டத்துக்கு நம் காலத்துப் பாட்டை இணை வைப்பதென்றால் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அவர் யாரிடம் பேசுகிறார்? எதை இழந்துவிட்டார்? எந்த உரிமையில் கேட்கிறார்? இவற்றை வைத்துத் தேடினால், கடவுள் பெயரே வராத காதல் பாட்டு, பக்திப் பாட்டைவிட நெருங்கி வந்து நிற்கும். அது விலகிப் போகும் இடத்தில்தான் கவிஞர் முழு உருவில் தெரிவார்.

மாணிக்கவாசகரை எடுத்துக்கொள்வோம். திருவாதவூரில் பிறந்தவர், பாண்டியனுக்கு அமைச்சர், குதிரை வாங்கப் போன வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக வந்த சிவனைக் கண்டவர், குதிரைப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டவர். நரி பரியான கதையும் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஆட்கொண்ட குரு, உடனிருந்த மற்ற அடியார்களை அழைத்துக்கொண்டு மறைந்துவிட்டார். இவர் மட்டும் பின்னால் நின்றுவிட்டார். திருவாசகத்தின் 51 பகுதிகளில் பெரும்பாலானவை இந்தத் தனிமையிலிருந்து எழுபவை. ஆகவே கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற ஐயம் அவருடைய போராட்டம் அல்ல. கிடைத்தது கைநழுவிவிட்டதே என்பதுதான். 'செத்திலாப் பத்து', 'வாழாப் பத்து' என்ற இரண்டு தலைப்புகளே நிலைமையைச் சொல்லிவிடும். பிரிந்த பிறகும் உயிர் போகவில்லையே என்று ஒன்று வெட்கப்படுகிறது. இனி இங்கே வாழ முடியாது என்று மற்றொன்று அரற்றுகிறது.

இந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போகும் இடம் 'நீத்தல் விண்ணப்பம்'. உத்தரகோசமங்கையில் பாடியதாக மரபு சொல்லும் 50 பாடல்கள். ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி. என்னைக் கைவிட்டுவிடுவாயோ என்ற ஒரே முறையீடு பாடலுக்குப் பாடல் திரும்ப வருகிறது. இரண்டு முனையிலும் தீப்பற்றிய கொள்ளிக்குள் அகப்பட்ட எறும்பு என்றும், கரை அரிக்க அரிக்க வேர் நெகிழும் ஆற்றோர மரம் என்றும் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். புலன்களின் பின்னால் போனேன், தவறு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. ஏனென்றால் அவர் தம் தகுதியை நம்பிக் கேட்கவில்லை. வலிய வந்து ஆட்கொண்டவன் நீ, தொடங்கியதை நடுவில் விடலாமா என்பதுதான் அவருடைய வழக்கு. முடிவை நெருங்கும்போது கெஞ்சல் மிரட்டலாகவே மாறிவிடுகிறது: விட்டுவிட்டால் ஊரார் சிரிக்கும்படி உன்னைப் பித்தன் என்று ஏசுவேன், என்னைப் போய் ஆளாகக் கொண்ட பித்தன் என்று சொல்வேன்.

இதற்கு இணையான பாட்டு எது? பக்திப் படப் பாடல்களில் தேடினால் பெரும்பாலும் வேண்டுதலும் துதியும்தான் அகப்படும். இந்த வழக்காடும் குரல் அங்கே அரிது. 1962இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் பி. சுசீலா பாடிய 'சொன்னது நீதானா' அதற்கு மிக அருகில் வருகிறது. எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடக்கும் கணவன், தான் போய்விட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்கிறான். அதைக் கேட்ட மனைவி அவனிடமே பாடும் பாட்டு இது. பிரிவு இன்னும் நிகழவில்லை, பிரியப் போகிறவர் எதிரிலேயே இருக்கிறார், கைப்பிடித்தவரே கைவிடப் பேசுகிறார். குரு மறைந்துவிட்டாலும் முற்றாகக் கைவிடப்படுவது இன்னும் நிகழாததால், நீத்தல் விண்ணப்பத்தில் பேசுபவர் நிற்கும் இடமும் இதுதான். நம்மை வாட்டுபவரிடமே போய் அடைக்கலம் கேட்க வேண்டிய நிலை இரண்டுக்கும் பொது. அந்தப் பெண், நடந்துவிட்ட ஓர் உறவைச் சாட்சியாக வைத்துக் கேட்கிறாள். மணிவாசகர் நடந்துவிட்ட ஓர் ஆட்கொள்ளலைச் சாட்சியாக வைக்கிறார். விலகும் இடமும் தெளிவு. அவளிடம் குற்றமில்லை, அதனால் அவள் குரலில் நியாயம் நிமிர்ந்து நிற்கிறது. இவரிடம் குற்றம் இருக்கிறது, அதைத் தாமே சொல்கிறார், சொல்லிவிட்டும் உரிமை கேட்கிறார். தகுதியில்லாதவன் கேட்கும் உரிமை எவ்வளவு துணிச்சலானது என்பது, அந்தப் பாட்டை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

பொருந்தாத பாட்டும் இப்படியே உதவும். அதே 1962, அதே ஸ்ரீதர், அதே கவிஞர், அதே இசையமைப்பாளர்கள்: 'சுமைதாங்கி' படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா'. மனக்குழப்பத்தைப் பற்றிய பாட்டு என்பதால் பக்திக் கவிஞர்களின் கலக்கத்தோடு இதைச் சேர்க்கத் தோன்றும். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் சேராது. இங்கே மனிதன் தன் மனத்தோடுதான் பேசுகிறான். தன்னிலும் தாழ்ந்த நிலையில் இருக்கும் கோடிக்கணக்கானவர்களை நினைத்து ஆறுதல் கொள்ளச் சொல்கிறது பாட்டு. மணிவாசகர் பார்ப்பது எதிர்த்திசையில். குருவோடு சென்றுவிட்ட அடியார்களையே நினைத்து நினைத்து, நான் மட்டும் கடைசியில் நின்றுவிட்டேனே என்று உருகுகிறார். கீழே பார்த்துத் தேறுவது ஒரு வழி, மேலே பார்த்து ஏங்குவது வேறு வழி. கண்ணதாசன் பாட்டு அமைதி தந்து அனுப்பி வைக்கிறது. திருவாசகமோ, வேண்டியது கிடைக்கும் வரையில் அமைதியையே ஓர் இழப்பாக எண்ணுகிறது.

கோயிலில் ஓதும் திருமுறையை டிக்கெட் விற்று ஓட்டிய படத்தின் பாட்டோடு நிறுத்தலாமா என்ற எதிர்ப்பு இங்கே எழும். அதற்கு மணிவாசகரிடமே பதில் இருக்கிறது. திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்ற தலைப்புகளை வரிசையாகப் படித்தால் போதும். அம்மானை ஆடும்போதும், சுண்ணம் இடிக்கும்போதும், பூப்பறிக்கும்போதும், ஊஞ்சலில் ஆடும்போதும் பெண்கள் பாடிய பாட்டு வகைகள் அவை. அவர் காலத்துத் தெருவிலும் முற்றத்திலும் புழங்கிய மெட்டுகளில்தான் தம் சிவனை வைத்துப் பாடினார். திருக்கோவையாரின் 400 பாடல்கள் அகப்பொருள் காதல் துறைகளிலேயே நடக்கின்றன. திருவாசகமும் அதுவும் சேர்ந்தே எட்டாம் திருமுறை. காதல் பேச்சுக்கும் கடவுள் பேச்சுக்கும் நடுவே சுவர் எழுப்பாதவர், நாம் எழுப்பும் சுவரைக் கண்டால் வியப்பார். அவர் மக்கள் பாட்டை எடுத்து இறைவன் பக்கம் திருப்பினார், நாம் அப்படித் திருப்புவதில்லையே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. நம் வேலை சிறியது. சினிமாப் பாட்டைத் திருவாசகத்தின் இடத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. திருவாசகத்துக்குள் நுழையத் தயங்குபவருக்கு, தெரிந்த ஓர் உணர்ச்சியிலிருந்து வழி காட்டினால் போதும்.

திருவாசகப் பாடல்களையே எடுத்து நவீன இசையில் அமைத்த முயற்சியும் நம்மிடம் உண்டு. 2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசகம். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். அதில் உள்ள தேர்வு கவனிக்கத் தக்கது. தொடக்கமாக வைத்தது, நூலில் 45ஆம் பகுதியான யாத்திரைப் பத்தை. புறப்படுங்கள், காலம் வந்துவிட்டது என்று அடியாரை அழைக்கும் பகுதி. சிவபுராணத்திலிருந்து எடுத்தது, தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் இடத்தை. அங்கேதான் ஆங்கிலக் குரல்களும் சேர்கின்றன. பிடித்த பத்தும் அச்சப் பத்தும் இருக்கின்றன. திருக்கோத்தும்பியும் பொற்சுண்ணமும் இருக்கின்றன. பிடித்த பத்து, நீத்தல் விண்ணப்பத்துக்கு நேர் மறுதலை. என்னை விட்டுவிடாதே என்று அங்கே கெஞ்சியவர், உன்னை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன், இனி நீ எங்கே போவாய் என்று இங்கே கேட்கிறார். ஆக, போராட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை, படிப்படியாக மாறுகிறது. ஒரு கவிஞருக்கு ஒரே பாட்டு என்று முடித்துவிடுவது தவறு என்பதற்கு இந்த இசைத்தொகுப்பு நல்ல சான்று. 2009இல் 'நான் கடவுள்' படத்தில் ஒலித்த 'பிச்சைப் பாத்திரம்' இளையராஜாவே எழுதிய பாட்டு. உடம்பைச் சுமந்து திரியும் களைப்பைச் சொல்லும் அது சிவபுராணத்தின் பிறவிச் சலிப்புக்கு அருகில் போகும். நீத்தல் விண்ணப்பத்தின் சண்டைக்கு அருகில் வராது.

இன்னும் இரண்டு எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, ஒரு மனிதரின் உள்ளத்தைப் பல நூற்றாண்டுகள் தாண்டி நாம் எப்படி அறிவோம் என்பது. அவரது வாழ்க்கைக் கதையை விரிவாகச் சொல்லும் புராணங்கள் அவர் காலத்துக்கு வெகு பின்னால் வந்தவை. பக்திப் பாடலில் வரும் 'நான்' ஓதுகிற ஒவ்வொருவரும் தம்மை வைத்துக்கொள்ளும் இடமும்கூட. ஒப்புக்கொள்ளலாம். ஆகவே பொருத்த வேண்டியது பாண்டியன் சபையில் இருந்த அமைச்சரின் மனத்தை அல்ல, பாடலுக்குள் நின்று பேசும் குரலை. சினிமாப் பாட்டிலும் நாம் கேட்பது பாடகியின் சொந்தத் துயரத்தை அல்லவே. இரண்டாவது எதிர்ப்பு கனமானது: இப்படி இணை வைத்தால் வீடுபேற்றுக்கான ஏக்கம் வெறும் மனச்சோர்வாகச் சுருங்கிவிடும். பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் சுருங்கும்தான். விலகலையும் கூடவே சொல்பவரிடம் அது நேராது. கணவனைக் கேட்கும் பெண்ணுக்கு வேண்டியது அவன் பிழைத்து எழுவது. மணிவாசகருக்கு வேண்டியது தாம் இல்லாமல் போய்ச் சிவனிடம் கலப்பது. இந்தத் தூரத்தை மறைக்காமல் காட்டுவதே பொருத்திக் காட்டுபவரின் கடமை.

அந்தத் தூரம் மிக அதிகமாவது திருச்சதகத்தில். திருப்பெருந்துறையில் பாடியதாகச் சொல்லப்படும் இந்த நூறு பாடல்களில் மணிவாசகர் தம் பக்தியையே சந்தேகிக்கிறார். உன் அடியார் நடுவே அடியாரைப் போல நடித்துக்கொண்டு வீட்டுலகம் புகத் துடிக்கிறேன் என்கிறார். என் அன்பு பொய், நெஞ்சு பொய் என்று தம் மேலேயே குற்றம் சாட்டுகிறார். அழுதால் உன்னைப் பெறலாம் என்று சொல்லும் அதே மூச்சில் அந்த அழுகையும் உண்மைதானா என்று சோதிக்கிறார். இதற்கு இணை தேடினால் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கைவிரித்துவிடும். காரணம் பாட்டின் தரம் அல்ல, அதன் தொழில். திரையில் நடிப்பவரின் கண்ணீர் மெய் என்று நம்மை நம்ப வைப்பதற்காகவே மெட்டும் குரலும் வாத்தியமும் சேர்ந்து உழைக்கின்றன. அந்தப் பாட்டே தன் கண்ணீரைப் பொய் என்று சொன்னால் காட்சி நிற்காது. மணிவாசகருக்குப் பார்வையாளர் இறைவன் ஒருவனே, அவனை ஏமாற்றவும் வழியில்லை. ஆகவே தம் நடிப்பை அவரால் ஒப்புக்கொள்ள முடிந்தது. காதல் பாட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நீத்தல் விண்ணப்பம் வரை போகலாம். திருச்சதகத்துக்குள் வாசகர் தனியாகத்தான் போக வேண்டும். அதுவரை கூட்டி வந்ததே அந்தப் பாட்டுகள் செய்த உதவி.