மூழ்கத் தெரியாத மரம்!

இரும்பு ஆணியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரும்புக் கப்பலோ மிதக்கிறது! இது என்ன வேடிக்கை?

கப்பலின் வயிறு காலியாக இருக்கிறது. அதனால் அது ஏராளமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடையும் கப்பலின் எடையும் சமமாகும்போது, தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. இதை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னவர் ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்க அறிஞர்.

ஆனால் கப்பலுக்கு ஒரு பயம் உண்டு. ஓட்டை விழுந்தால் போச்சு! வயிற்றில் தண்ணீர் நிறைந்து மூழ்கிவிடும். தோணிக்கும் படகுக்கும் இதே கதிதான்.

இந்தப் பயமே இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் நம் கட்டுமரம்!

வயிறும் இல்லை, ஓட்டையும் இல்லை

பெயரைப் பாருங்கள். கட்டிய மரம், அவ்வளவுதான். எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். முன்பக்கம் சற்று மேலே தூக்கி இருக்கும். ஆணி கிடையாது.

அலை மேலே ஏறினால் என்ன ஆகும்? மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தால்கூட மீனவர் அதைப் பிடித்துப் புரட்டி, மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்வார்.

கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப்போடுவது வழக்கம். ஈரம் ஊறினால் மரம் கனத்துவிடும் அல்லவா? துணி உலர்த்துவது போல மரத்தை உலர்த்துகிறார்கள்!

தொப்பிக்குள் கடிதம்

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆள் உயர அலைகள்!

பயணிகளையும் மூட்டைகளையும் மசூலா என்ற படகில் ஏற்றி வருவார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. அப்படியும் சில நாள் ஆள் தவறிக் கடலில் விழுவது உண்டு. அதற்காகவே கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். விழுந்தவரை அள்ளித் தூக்குவது அவர்கள் வேலை. எத்தனை வெள்ளைக்காரர்கள் அவர்களால் உயிர் பிழைத்தார்களோ!

கடல் கொந்தளித்தால் மசூலாவும் போகாது. அப்போதும் கட்டுமரம் போகும். கப்பலுக்குச் சேரவேண்டிய கடிதங்களை நனையாமல் எப்படிக் கொண்டுபோவது? ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பி ஒன்று கட்டுமரக்காரரின் தலையில் இருக்கும். கடிதம் அதற்குள்! அலை அவரை முழுக்காட்டும், கடிதம் நனையாது.

பிறகு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-ம் ஆண்டு அடித்த புயல், கட்டிய சுவர்களை உடைத்துத் தள்ளியது. கல்லை உடைத்த அதே கடலில்தான் நாலு மரத்தைக் கட்டிக்கொண்டு நம்மவர் போய்வந்தார்கள்.

பெயர் மட்டும் சீமைக்கு!

டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி 1697-ல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். ‘கட்டமரான்’ என்று அந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்துவிட்டது.

1876-ல் அமெரிக்காவில் ஹெர்ஷாப் என்பவர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார். பந்தயத்தில் மற்றப் படகுகளை அது பின்னுக்குத் தள்ளியது. அந்த வகைப் படகுக்கும் ‘கட்டமரான்’ என்றே பெயர் ஆயிற்று. உண்மையில் அது பசிபிக் தீவுக்காரர்களின் பழைய முறை. பண்டம் அவர்களுடையது, பெயர் நம்முடையது!

வீட்டுப் பக்கமும் மிதப்பு உண்டு

நீச்சல் பழகும் பையனின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்களே, அதுவும் ஒரு மிதவைதான். தூண்டிலில் ஆடும் தக்கை, வலையைத் தூக்கி நிறுத்தும் மிதப்பு, மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று சாமி வலம் வரும் தெப்பம் எல்லாம் இந்தக் குடும்பமே. ஒகேனக்கல் பரிசல் மட்டும் கொஞ்சம் வேறு. மூங்கில் கூடைதான், அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. கூடைக்கு வயிறு உண்டு. ஆகவே ஓட்டை விழுந்தால் ஆபத்தும் உண்டு. பரிசலில் ஏறும் தாய்மார்களே, குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் ஏறாதீர்கள்!

இன்று கட்டுமரம் எங்கே?

2004-ம் ஆண்டு சுனாமியில் ஏராளமான கட்டுமரங்கள் போய்விட்டன. அதன் பிறகு கண்ணாடி நாரில் செய்த பைபர் படகுகள் கரையெங்கும் வந்தன. எந்திரம் பூட்டினால் வேகமாகப் போகலாம். மீனும் அதிகம் ஏற்றலாம். மீனவர் அதை விரும்புவதில் தவறு இல்லை. ஆனால் எந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய்க்குப் பணம் வேண்டும். கட்டுமரத்துக்குத் துடுப்பும் கையும் போதும்.

அதனால்தான் சில ஊர்களில், வசதி இல்லாத மீனவர்கள் இன்னும் அதை விடவில்லை. மரம் வாங்க முடியாதவர்கள் தெர்மோகோல் கட்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து விடியற்காலையில் வலை போடப் போகிறார்கள்.