விலை பழசு, செலவு புதுசு

புதிதாக வாங்கினால் கோடிக்கணக்கில் ஆகும் வெளிநாட்டுக் கார், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிறகு ஒரு பெரிய புது எஸ்.யு.வி. விலைக்குக் கிடைக்கிறது என்ற செய்தி நம் வணிகர்களின் கைப்பேசிகளில் அடிக்கடி வந்து விழுகிறது. சூலூரில் மளிகைக் கடை நடத்துபவரானாலும், திருச்சி சாலையில் மண்டி வைத்திருப்பவரானாலும் இந்தப் படத்தைக் கண்டு ஒரு நிமிடம் நிற்காதவர் குறைவு. ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் ஒரு மூட்டை துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துக் கொள்முதல் செய்யும் நாம், காரை மட்டும் படம் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

எதனால் இந்த மயக்கம்?

இவ்வகைக் கார்களுக்கு கிராண்ட் டூரர், சுருக்கமாக ஜி.டி. என்று பெயர். பந்தயக் காரின் வேகமும், வரவேற்பறையின் சுகமும் ஒன்றாக அமைந்து, களைப்பில்லாமல் நெடுந்தூரம் போவதற்கென்றே பிறந்தவை. இரண்டே கதவுகள், பின் இருக்கை பெயரளவுக்குத்தான். இத்தாலியில் 1951இல் வந்த லான்சியா ஆரேலியா பி20 ஜி.டி. இந்த வகைக்கு வழிகாட்டி என்பார்கள்.

2003இல் வெளிவந்த பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி.யை எடுத்துக்கொள்வோம். 12 சிலிண்டர், 6 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ. எடை 2.3 டன்னுக்கு மேல். ஆனாலும் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். உள்ளே தோலும் மரமும் இழைத்த வேலைப்பாடு.

வணிகர் கண்ணுக்கு இதில் இன்னொரு கவர்ச்சியும் தெரியும். புதுக் கார் வாங்கியவர்தான் சுங்க வரி, சாலை வரி, முதல் சில வருட விலை வீழ்ச்சி ஆகிய அனைத்தையும் சுமந்தார். இரண்டாவது, மூன்றாவது கைக்கு வரும்போது அந்த நஷ்டம் ஏற்கனவே கழிந்துவிட்டது. அடுத்தவர் நஷ்டத்தில் நாம் நல்ல சரக்கு எடுக்கிறோம் என்று தோன்றும். இந்தக் கணக்கு பாதி சரி.

மீதிப் பாதி

வண்டியின் விலைதான் குறைந்திருக்கிறதே தவிர, உதிரிபாகத்தின் விலை குறையவில்லை. பிரேக் தட்டு, ஏர் சஸ்பென்ஷன், டர்போ எல்லாமே புதுக் கார்க்காரர் கொடுக்கும் அதே விலைதான். இந்த பென்ட்லியின் இன்ஜின் அறையில் விரல் நுழைய இடமிருக்காது. டர்போவை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் 90 லிட்டர். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இனி முதலின் கணக்கு. உதாரணத்துக்கு 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது சரக்காக மாதம் ஒருமுறை புரண்டு, 3 சதவீதம் நின்றாலே மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. காராக நின்றால் அந்த வரவு நிற்பதோடு செலவும் தொடங்குகிறது. மண்டிக்காரருக்குத் தவணை தவறினால் போவது பணம் மட்டுமல்ல, பல வருடம் சேர்த்த பெயர். ஆகவே கடை முதலில் கை வைத்தோ, கடன் வாங்கியோ இவ்வகைக் காரை வாங்கவே கூடாது. ஒதுக்கி வைத்த சொந்தப் பணம் இருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே வைத்துவிட்டு மீதிக்குள் வண்டி பார்ப்பது நல்லது.

நம் ஊர்ப் பாடம்

பழைய வாகனத்தின் மீது ஆசை நம் மண்ணுக்குப் புதிதல்ல. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார். அந்த அறிவுதான் பின்னாளில் அவருடைய பேருந்துத் தொழிலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அடித்தளம். ஆசைப்பட்ட பொருளை அவர் உள்ளும் புறமும் அறிந்து வைத்திருந்தார். நாம் பிரித்துப் பூட்ட வேண்டியதில்லை. பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் பிடித்துவிட்டு, பிறகு காரைத் தேட வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க

1. வேறு மாநிலப் பதிவு என்றால், அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று அவசியம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும். இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

2. வங்கிக் கடன் பாக்கி இல்லை என்பதற்குச் சான்று கேளுங்கள்.

3. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். காப்பீட்டு வரலாற்றையும் சர்வீஸ் பில்களையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே கொடுங்கள்.

5. கடைப் பெயரில் வாங்கினாலும் இவ்வகைக் காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தேய்மானம் கழித்த காரைப் பின்னர் விற்றால், புத்தக மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஆடிட்டரை விற்கும்போது அல்ல, வாங்குமுன் கேளுங்கள்.

பார்த்து மகிழ்ந்தால் போதும் என்பவர்கள், கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய் வரலாம். பல நாட்டுப் பழைய கார்களை அங்கே நிதானமாகக் காணலாம்.

வசதியும் விவரமும் இருப்பவர் தாராளமாக வாங்கட்டும்; உழைத்தவருக்கு அந்தச் சுகம் உரியதே. மற்றவர்கள் ஒன்றை மனதில் கொள்ளலாம். நம் வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்கும் காரைப் பார்த்துச் சாமான் வாங்குவதில்லை. எடையையும் தரத்தையும் பார்த்தே வாங்குகிறார்.