நண்டுக் கொடுக்கில் ஓர் உலோகம்

உடலினுள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோயைக் காண்பது எங்ஙனம்? கண்டபின், அயலிலுள்ள நல்ல உறுப்புகளுக்குப் பெருந்தீங்கின்றி அதனை அழிப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் ஒரே மூலக்கூறைக்கொண்டு விடைகாண அணு மருத்துவம் முற்பட்டிருக்கிறது.

குடலிலும் சதையியிலும் தோன்றும் நரம்பு அகஞ்சுரப்புக் கட்டிகளை எடுத்துக்கொள்வோம். சோமற்றோஸ்ரற்றின் என்னும் ஓமோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இவற்றின் கலங்களிலே பெரும்பாலும் மிகுந்திருக்கும். அவ்வோமோனைப் போன்ற சிறு மூலக்கூறொன்றைக் குருதியிற் செலுத்தினால், அது அவ்வாங்கிகளை நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். அதன்மீது கதிர்த்தொழிற்பாடுள்ள உலோக அணுவொன்றை ஏற்றிவிட வேண்டியதே எஞ்சிய வேலை.

இடர் அங்கேதான் இருக்கிறது. உலோகம் வழியிற் கழன்றுவிடின் மருந்தே நஞ்சாகும். கழன்ற லுற்றீசியம் எலும்பிற் படிந்து, குருதிக் கலங்கள் பிறக்கும் மச்சையைத் தாக்கும். ஆகவே 'டோற்றா' என்னும் வளைய மூலக்கூறு, நைதரசன், ஒட்சிசன் அணுக்களாற் சூழ்ந்து அதனைக் கவ்விப் பிடிக்கிறது. இத்தகைய பிடிக்கு 1920 இல் மேனாட்டார் இட்ட பெயர் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது. புற்றுநோய்க்கு அவர்கள் வழங்கும் பெயரும் நண்டே! நண்டைப் பிடிக்க நண்டையே ஏவினர் போலும்.

முதலில் ஏற்றப்படுவது கலியம் 68. அரைவாழ்வு 68 நிமிடங்களே. அது வெளிவிடும் பொசித்திரன் அருகிலுள்ள இலத்திரனோடு சேர்ந்து மறைய, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிற் பாயும். வெளியேயுள்ள கருவி அவற்றைப் பற்றிக் கட்டியின் இருப்பிடத்தைப் படமாக்கும். கட்டி படத்தில் ஒளிர்ந்தால், மூலக்கூறு உரிய இடத்தை அடைந்தது என்பது தெளிவு. பின்னர் அதே மூலக்கூறில் லுற்றீசியம் 177 ஏற்றப்படும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 6.6 நாட்கள். அதன் பீற்றாக் கதிர் இழையத்திலே கூடியது 2 மில்லிமீற்றர் அளவே செல்லும். சேதமும் பெரும்பாலும் கட்டியோடு நின்றுவிடும்.

குடலில் இத்தகைய கட்டி தோன்றிய 229 நோயாளரை ஆராய்ந்த முடிவு 2017 இல் வெளியாயிற்று. லுற்றீசியம் பெற்றோரில் நூற்றுக்கு 65 பேர் 20 மாதங்களின் பின்னும் நோய் பெருகாது வாழ்ந்தனர் எனக் கணிக்கப்பட்டது. ஓமோன் மருந்தை மட்டும் கூடிய அளவிற் பெற்றோரில் அத்தொகை 11. அமெரிக்கா 2018 இல் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

எனினும் இதனை முற்றாகக் குணமாக்கும் மருந்தென்று கூறுதல் தகாது. மருந்து சிறுநீரகங்களூடாக வெளியேறுவதால், அவற்றைக் காக்க அமினோ அமிலக் கரைசலும் உடன் செலுத்தப்படுகிறது. படத்திலே கட்டி ஒளிராதோருக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. அவர்களுக்கு மருத்துவர் வேறு வழியே தேடவேண்டும்.