பாட்டி கண்ணுல இருக்கிற லென்ஸுக்கு யார் பவர் கணக்குப் போட்டது?

வயசானவங்களுக்கான டெக்னாலஜினு சொன்னதும் நாம ரோபோ, ஸ்மார்ட் வாட்ச்னு போயிடுறோம். ஆனா நம்ம தெருவுல பாதி பாட்டி தாத்தா ஏற்கெனவே ஒரு டிவைஸை உடம்புக்குள்ள வச்சிருக்காங்க. கண்புரை ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸ்தான் அது.

புரை விழுந்த லென்ஸை எடுத்துட்டா மட்டும் போதாது, வெளிச்சம் ஃபோகஸ் ஆகாது. அந்தக் காலத்து சோடாபுட்டிக் கண்ணாடி அதுக்காகத்தான். இரண்டாம் உலகப் போர்ல, விமானத்தோட காக்பிட் மூடி உடைஞ்சு அக்ரிலிக் துணுக்குகள் சில பைலட்டுகளோட கண்ணுக்குள்ள போயிடுச்சு. கண்ணு அதைப் பெருசா எதிர்க்கலைங்கிறதை கவனிச்ச ஹெரால்ட் ரிட்லி, 1949ல லண்டன்ல முதல் செயற்கை லென்ஸை வச்சார். சக டாக்டர்கள் பலர் கடுமையா எதிர்த்தாங்க.

சரி, யாருக்கு எத்தனை பவர்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1980கள்ல பிரபலமான எஸ்ஆர்கே ஃபார்முலா, நாம காலேஜ்ல படிச்ச அதே லீனியர் ரெக்ரஷன். லென்ஸ் மாடலுக்குனு ஒரு எண், உதாரணமா 118.4. அதுல இருந்து கண்ணோட நீளத்தை 2.5ஆலயும், கார்னியாவோட பவரை 0.9ஆலயும் பெருக்கிக் கழிக்கணும். நீளம் 23.5 மி.மீ., கார்னியா 43.5 டயாப்டர்னா விடை 20.5. அவ்வளவுதான்!

இப்போ நீளத்துல 1 மி.மீ. தப்பா அளந்தா? பவர் 2.5 டயாப்டர் மாறிடும். அல்ட்ராசவுண்ட் கருவியோட முனையை கார்னியா மேல கொஞ்சம் அழுத்தினாலே கண்ணு குட்டையாத் தெரியும், லென்ஸ் பவர் கூடிடும், ஆபரேஷனுக்கு அப்புறம் தூரத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும். தொடாம ஒளியால அளக்கிற மெஷின் இப்போ இருக்கு. ஆனா புரை ரொம்ப முத்திட்டா ஒளி உள்ள போகாது, திரும்ப அல்ட்ராசவுண்ட்தான். அதனால தாமதமா வர்றவங்களுக்கு அளக்குறவங்களோட கைப்பக்குவம் இன்னும் முக்கியம்.

விலை விஷயத்துல மதுரைக்குப் பெரிய பங்கு இருக்கு. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் கணக்குல வித்துட்டிருந்தப்போ, அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992ல ஆரம்பிச்ச அரோலேப், அதை 10 டாலர் அளவுக்குக் கொண்டு வந்துச்சு.

உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா, லென்ஸை தூரப் பார்வைக்கு செட் பண்றாங்களா, கிட்டப் பார்வைக்கானு முன்னாடியே கேட்டுடுங்க. சாதாரண லென்ஸை தூரத்துக்கு வச்சா பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணும், அது ஆபரேஷன் கோளாறு இல்ல. பவரும் மாடலும் எழுதின கார்டு கொடுத்தா ஃபைல்ல பத்திரமா வைங்க.